எட்டு வாக்குகள், ஒரு சமநிலை: டெபியன் தொழில்நுட்பக் குழுவின் 2014ஆம் ஆண்டு மின்னஞ்சல் வாக்கெடுப்பு — நிகழ்வு ஆய்வு

2014 பிப்ரவரி 11 அன்று, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தின் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைவராக இருந்த பிடேல் கார்பி ஒரு வாக்கெடுப்பின் முடிவை மின்னஞ்சலில் அறிவித்தார். போட்டியிட்டவை சிஸ்டம்டி, அப்ஸ்டார்ட் முதலான தொடக்க நிரல்கள்; எட்டு உறுப்பினர்களில் நால்வர் சிஸ்டம்டியை அப்ஸ்டார்ட்டுக்கு மேலாகவும், மற்ற நால்வர் அப்ஸ்டார்ட்டைச் சிஸ்டம்டிக்கு மேலாகவும் வரிசைப்படுத்தியிருந்தனர். கணக்கு சமநிலையில் நின்றதால், டெபியன் சாசனம் தலைவருக்குத் தரும் முடிவு வாக்கைப் பயன்படுத்திச் சிஸ்டம்டியைத் தேர்ந்தெடுப்பதாக அவர் தெரிவித்தார். டெபியனை அடித்தளமாகக் கொண்ட உபுண்டுவும் அதே பாதையில் செல்லும் என்று அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் சில நாட்களிலேயே அறிவித்தார். அப்ஸ்டார்ட் உபுண்டுவின் தாய் நிறுவனமான கனானிக்கலில் பிறந்த மென்பொருள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒற்றை மின்னஞ்சலின் எடை விளங்கும்.

குழுக்களுக்குள் மின்னஞ்சல் வழியே நடக்கும் வாக்கெடுப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராய இதைவிடப் பொருத்தமான நிகழ்வு கிடைப்பது அரிது. நிறுவன இயக்குநர் குழுக்களும் சங்க நிர்வாகக் குழுக்களும் கல்லூரிப் பாடத்திட்டக் குழுக்களும் மின்னஞ்சலில் எடுக்கும் முடிவுகள் உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிகளோடு நின்றுவிடுகின்றன. பிறர் அவற்றைப் பார்க்க வழியில்லை. டெபியன் தொழில்நுட்பக் குழுவோ விவாதத்தையும், வாக்குச்சீட்டு வரைவையும், ஒவ்வொருவரின் வாக்கையும், அதன் மீது எழுந்த கோபத்தையும் பொதுவெளியிலேயே பதிவு செய்கிறது. 727708 என்ற வழு எண்ணின் கீழ் அவை இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

பிரச்சினையும் குழுவும்

கணினியை இயக்கியதும் கருவகத்துக்கு அடுத்து முதலில் எழுந்து மற்ற சேவைகளை எழுப்பிவிடும் நிரலே தொடக்க நிரல். டெபியன் நெடுங்காலமாகச் சிஸ்வி இனிட் என்ற பழைய முறையைப் பயன்படுத்தி வந்தது. 2013 அக்டோபரில், அடுத்த வெளியீடான ஜெசிக்கு எந்தத் தொடக்க நிரல் இயல்பிருப்பாக, அதாவது பயனர் வேறொன்றைத் தேராதபோது தானாக அமைவதாக, இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுமாறு தொழில்நுட்பக் குழுவிடம் முறையாகக் கோரப்பட்டது. ரெட் ஹாட்டில் உருவான சிஸ்டம்டி, கனானிக்கலின் அப்ஸ்டார்ட், ஓப்பன்ஆர்சி, இருப்பதையே தொடர்வது என நான்கு தெரிவுகள் முன்னால் இருந்தன.

குழுவில் அப்போது கார்பியுடன் ரஸ் ஆல்பரி, டான் ஆர்ம்ஸ்ட்ராங், கீத் பேக்கார்ட், இயன் ஜாக்சன், ஸ்டீவ் லாங்கசெக், ஆண்ட்ரியாஸ் பார்ட், காலின் வாட்சன் ஆகியோர் இருந்தனர். லாங்கசெக்கும் வாட்சனும் கனானிக்கலில் பணிபுரிந்தவர்கள் என்பது அனைவரும் அறிந்த செய்தி. எட்டு என்பது இரட்டைப்படை எண் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். சாசனம் அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கையும் அதுவே.

அன்று நடைமுறையில் இருந்த சாசனப் பிரிவு வியப்பூட்டும் அளவுக்குச் சுருக்கமானது. எந்த உறுப்பினரும் தீர்மானத்தை முன்மொழியலாம். விவாதத்துக்குக் குறைந்தபட்சக் கால அளவு கிடையாது. வாக்கெடுப்பு அதிகபட்சம் ஒரு வாரமோ அல்லது முடிவு ஐயத்துக்கு இடமில்லாததாக ஆகும் வரையோ நடக்கும். உறுப்பினர்கள் தம் வாக்கை மாற்றிக்கொள்ளலாம். குறைவெண், அதாவது முடிவு செல்லுபடியாகக் குறைந்தது வாக்களிக்க வேண்டியவர்கள், இரண்டு பேர். பெரும்பாலான தொழில்நுட்பச் சிக்கல்களை ஒருமித்த கருத்தோடு தீர்த்து வந்த ஒரு சிறு குழுவுக்கு இது போதுமானதாகவே இருந்தது. சரிபாதியாகப் பிளந்து நின்ற குழு இதே விதியைக் கையாண்டபோதுதான் அதன் ஒவ்வொரு சொற்றொடரும் போர்க்களமானது.

வாக்கு உண்மையானதா என்ற எளிய கேள்வி

மின்னஞ்சல் வாக்கெடுப்பு என்றதும் முதலில் எழும் அச்சம் ஆள்மாறாட்டம். அந்த அச்சம் நியாயமானதே. மின்னஞ்சலை அனுப்புவதற்கென 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறை, அனுப்புநர் முகவரி உண்மைதானா என்று சரிபார்ப்பதில்லை. யார் பெயரிலும் யாரும் மடல் எழுதிவிடலாம். பின்னாளில் வந்த எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய ஏற்பாடுகள் மடல் எந்தக் களப்பெயரின் வழங்கியிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று தருகின்றனவே தவிர, அந்த வழங்கியில் கணக்கு வைத்திருக்கும் எந்த மனிதர் அதை எழுதினார் என்பதற்குச் சான்று தருவதில்லை. உதவியாளரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்திருக்கும் குழு உறுப்பினர்கள் நம் நாட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த வேறுபாடு வெறும் ஏட்டளவில் நிற்பதன்று.

டெபியன் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் ஓப்பன்பிஜிபி என்ற மறையாக்க முறையில் தமக்குரிய திறவுகோலால் மடலில் கையொப்பமிடுகிறார். அந்தத் திறவுகோல் அவருடையதுதான் என்பதை, நேரில் சந்தித்து அடையாள ஆவணத்தைச் சரிபார்த்த பிற உறுப்பினர்கள் உறுதி செய்திருப்பார்கள். ஆனால் இந்தக் கையொப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு: அது மடலின் உள்ளடக்கத்தை மட்டுமே காக்கிறது, பொருள் வரியும் பெறுநர் முகவரியும் தேதியும் அதற்கு வெளியே நிற்கின்றன. ஆகவே ‘முதல் தெரிவுக்கு என் வாக்கு’ என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்ட மடலை, நாளை வேறொரு தீர்மானத்துக்கு அளித்த வாக்காக யாரேனும் மறுபடி அனுப்பினால், கையொப்பம் அப்போதும் செல்லுபடியாகும். டெபியனின் பொதுத் தேர்தல் வாக்குச்சீட்டுகளில் அந்தத் தேர்தலுக்கே உரிய நீண்ட அடையாள எண் ஒன்று அச்சிடப்பட்டு, இந்தக் கோடுகளுக்கு இடையில் எதையும் நீக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கும். எந்தத் தீர்மானத்துக்கான வாக்கு என்பதைக் கையொப்பத்துக்குள் கொண்டுவருவது, வெளிப்பார்வைக்கு எரிச்சலூட்டும் அந்த எண்தான்.

எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழுவில் இதைவிட வலுவான காப்பு ஒன்றும் இருந்தது. வாக்கு பொதுப் பட்டியலுக்கு வருகிறது. அளித்தவரே அதைப் படிக்கிறார். தம் பெயரில் போலி வாக்கு வந்தால் அடுத்த சில மணி நேரத்திலேயே அவர் மறுத்துவிடுவார். ஆகவே 2014ஆம் ஆண்டுச் சர்ச்சை எங்கே எழுந்தது என்று தேடுபவர், எந்த வாக்கு போலி என்றோ எந்த வாக்கு விடுபட்டது என்றோ யாரும் வாதிட்டதாகக் காண மாட்டார்.

மடல் வந்து சேருமா

போலி வாக்கைவிடக் காணாமல் போகும் வாக்கே சாதாரணக் குழுக்களில் உண்மையான ஆபத்து. பெறும் வழங்கி பதிலளிக்காவிட்டால், அனுப்பும் வழங்கி மடலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதே மின்னஞ்சலின் அடிப்படை விதி; குறைந்தது நான்கு அல்லது ஐந்து நாட்கள் வரை கைவிடாமல் முயல வேண்டும் என்று எஸ்எம்டிபியின் 2008ஆம் ஆண்டு வரையறை பரிந்துரைக்கிறது. அப்படியானால் ‘நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் தாருங்கள்’ என்று வாக்கெடுப்பு நடத்தும் செயலாளர், அஞ்சல் அமைப்பு தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு முன்பே முடிவை அறிவித்துவிடுகிறார். மடல் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். அனுப்பியவருக்கு எந்தத் தகவலும் திரும்பாது.

விடுபட்ட ஒரு மடல் எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பது தொழில்நுட்பத்தைப் பொறுத்ததன்று. பெரும்பான்மை எதன் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 175ஆவது பிரிவு, இயக்குநர் குழுத் தீர்மானத்தைச் சுற்றுக்கு விட்டு நிறைவேற்ற அனுமதிக்கிறது. வரைவை மின்னஞ்சலிலும் அனுப்பலாம். ஆனால் அங்கே தேவைப்படுவது வாக்களிக்க உரிமை பெற்ற இயக்குநர்களில் பெரும்பான்மையினரின் ஒப்புதல். பதில் வராத மடல் ஒப்புதலாகாது. ஆகவே விடுபடும் மடல் தீர்மானத்தைத் தடுக்குமே தவிர, நிறைவேற்றிவிடாது. டெபியன் குழுவிலோ பதிவான வாக்குகளை மட்டுமே எண்ணுவார்கள், குறைவெண்ணோ இரண்டு. அந்த விதியின்படி ஆறு பேரின் மடல்கள் வராமற்போனாலும் ஒரு முடிவு செல்லுபடியாகியிருக்கும். எட்டுப் பேரும் ஊக்கத்துடன் வாக்களித்ததால் 2014இல் இந்த ஓட்டை வெளிப்படவில்லை. ஆனால் பதில் தராதவர் இசைந்ததாகவே கொள்ளப்படுவார் என்று தம் விதிகளில் எழுதி வைத்திருக்கும் சங்கங்கள், ஸ்பேம் பெட்டிக்கே ஒரு வாக்குரிமையை வழங்கியிருக்கின்றன.

வாக்குச்சீட்டை எழுதுபவர் யார்

உண்மையான சிக்கல் வாக்குகள் பதிவாவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இயல்பிருப்புத் தொடக்க நிரல் எது என்ற கேள்வியோடு பின்னிப் பிணைந்த இன்னொரு கேள்வியும் இருந்தது: பிற மென்பொருள் பொதிகள் ஒரு குறிப்பிட்ட தொடக்க நிரல் இருந்தால்தான் இயங்கும் என்று நிபந்தனை வைக்கும் பிணைப்பை அனுமதிக்கலாமா? இவ்விரண்டையும் ஒரே சீட்டில் இணைத்து வாக்கெடுக்க வேண்டும் என்பது இயன் ஜாக்சனின் நிலை. பிரித்து, முதலில் இயல்பிருப்பை மட்டும் முடிவு செய்யலாம் என்பது மறுதரப்பு.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் நடைமுறைச் சச்சரவாகத் தோன்றலாம். ஆனால் ஓர் உறுப்பினர் ‘பிணைப்புக்குத் தடை இருந்தால் சிஸ்டம்டியை ஏற்பேன், இல்லையேல் அப்ஸ்டார்ட்டே மேல்’ என்று கருதினால், அவரது விருப்பத்தை ஒரே சீட்டில்தான் முழுமையாகச் சொல்ல முடியும். இரண்டாகப் பிரித்தால், முதல் வாக்கை அளிக்கும்போது இரண்டாவதன் முடிவு அவருக்குத் தெரியாது. மாறாக, இணைத்த சீட்டில் தெரிவுகள் பெருகி, ஒவ்வொன்றின் சொல்லமைப்பின் மீதும் தனி விவாதம் மூளும். இரு தரப்புக்கும் வலுவான காரணங்கள் இருந்தன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பதற்கு விதி எதுவும் இல்லாததுதான் கோளாறு.

டெபியனின் எண்ணும் முறை இந்தச் சண்டையைக் கூர்மையாக்கியது. 2003 முதல் டெபியன் பயன்படுத்தும், தெரிவுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எண்ணும் கான்டார்செட் வகை முறையில் தெரிவுகளை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். அன்று ஒவ்வொரு சீட்டிலும் ‘மேலும் விவாதம்’ என்ற தெரிவு கட்டாயம் இருந்தது. எந்தத் தெரிவாயினும் ‘மேலும் விவாதம்’ என்பதை வெல்லாவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. சமநிலை வெற்றியாகாது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் இதன் பொருள், நால்வர் ‘மேலும் விவாதம்’ என்பதைச் சிஸ்டம்டிக்கு மேலே வைத்தால் போதும், சிஸ்டம்டி நீங்கிவிடும். எதிர்த்தரப்பு நால்வருக்கும் அதே ஆற்றல் உண்டு. இருபுறமும் இந்த ஆயுதத்தை முழுதாகப் பயன்படுத்தியிருந்தால் எந்த முடிவும் வந்திராது. பிப்ரவரி தொடக்கத்தில் ஜாக்சன் அழைத்த இணைப்புச் சீட்டு வாக்கெடுப்பு உண்மையிலேயே ‘மேலும் விவாதம்’ என்பதில்தான் முடிந்தது.

அதன் பின், பிப்ரவரி 8, சனிக்கிழமையன்று, கார்பி இயல்பிருப்பை மட்டும் கேட்கும் எளிய சீட்டுடன் வாக்கெடுப்பை அழைத்தார். ஜெசி வெளிவருவதற்கு முன் டெபியன் உறுப்பினர்கள் பொதுத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினால், அதுவே குழுவின் முடிவாக மாறும் என்ற வாசகமும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. குழுவின் முடிவை மாற்ற வழக்கமாகத் தேவைப்படும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இந்த வாசகம் சாதாரணப் பெரும்பான்மையாகக் குறைத்தது என்பதால், இது நியாயமான வடிகால். ஆயினும் ஜாக்சன் வெகுண்டு எதிர்த்தார். பிணைப்புக் கேள்வி தீராத நிலையில், ஒருவர் தமக்கு உகந்த நேரத்தில் தமக்கு உகந்த வடிவில் சீட்டை அழைத்துவிட்டார் என்பதே குற்றச்சாட்டின் சாரம். விதிப்படி கார்பிக்கு அந்த உரிமை இருந்தது. சில நாட்களுக்கு முன் ஜாக்சனும் அதே உரிமையைப் பயன்படுத்தியவர்தான் என்பதை மறக்கக் கூடாது.

நேரடிக் கூட்டத்தில் இத்தகைய நிலை வேறு விதமாகத் தீர்ந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். வாக்கெடுப்புக்கு விடலாமா என்று தலைவர் கேட்கும்போதே, ‘கொஞ்சம் பொறுங்கள், என் திருத்தம் இன்னும் வரவில்லை’ என்று ஒருவர் கையை உயர்த்துவார். அந்த அரை நிமிடத் தயக்கம் எழுதப்படாத விதியாகச் செயல்படும். மின்னஞ்சலில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது என்ற செய்தியும் அதன் மீதான எதிர்ப்பும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் முந்தி வந்தது ஏற்கெனவே சட்டமாகிவிட்டது. இந்திய நிறுவனங்கள் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கூட்டத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று கோரினால், சுற்றில் விட்ட தீர்மானத்தைத் தலைவர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். டெபியனில் ‘மேலும் விவாதம்’ என்ற தெரிவு அந்த வேலையைச் செய்ய வேண்டியது. ஆனால் அது வாக்கின் உள்ளேயே இருந்ததால், நடைமுறை மீதான ஆட்சேபத்தையும் எதிர்த்தரப்பை முறியடிக்கும் தந்திரத்தையும் பிரித்தறிய வழியில்லாமல் போனது.

எப்போது முடிகிறது

எட்டு வாக்குகளும் மூன்று நாட்களுக்குள் வந்து சேர்ந்தன. அப்ஸ்டார்ட் தரப்பில் ஒருவராவது ‘மேலும் விவாதம்’ என்பதைச் சிஸ்டம்டிக்கு மேலே வைக்காமல் விட்டதால்தான் சிஸ்டம்டி போட்டியில் நீடித்தது என்பதை எண்ணிக்கையே காட்டுகிறது. தாம் விரும்பாத முடிவு வரக்கூடும் என்று தெரிந்தும் முடிவே இல்லாமல் போவதைத் தவிர்த்த அந்த நடத்தையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இந்த வாக்கெடுப்பைக் காப்பாற்றியது அதுதான்.

ஆனால் உறுப்பினர் தம் வாக்கை மாற்றிக்கொள்ளலாம் என்றால், ஒரு வாரம் முடியும் முன் முடிவு ‘ஐயத்துக்கு இடமில்லாதது’ ஆவது எப்படி? நான்குக்கு நான்கு என்ற நிலையில் ஒரே ஒருவர் மனம் மாறினால் தலைவரின் முடிவு வாக்குக்கே வேலை இருந்திராது. யாரும் மாற்றப் போவதில்லை என்று கொண்டால் மட்டுமே மூன்றாம் நாளில் வாக்கெடுப்பை முடிக்கலாம். அன்றைய சாசனத்தில் அந்த அனுமானம் எழுதப்படவில்லை. கார்பியின் செயல் குழுவின் நெடுநாள் வழக்கத்தோடு ஒத்துப்போனது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வழக்கத்தை மட்டும் நம்பி நிற்கும் விதி, முடிவு வாக்கை வைத்திருப்பவரே முடிவு நேரத்தையும் தீர்மானிக்கும் நிலையை உண்டாக்கிவிட்டது.

பின்விளைவு

2014 நவம்பரில் காலின் வாட்சனும் ரஸ் ஆல்பரியும் குழுவிலிருந்து விலகுவதாக அறிவித்தனர். பிணைப்புக் கேள்வியை ஜாக்சன் பொதுத் தீர்மானமாகக் கொண்டுசென்றார். அதே மாதம் நடந்த வாக்கெடுப்பில் ‘பொதுத் தீர்மானம் தேவையில்லை’ என்ற தெரிவே வென்றது. மறுநாளே ஜாக்சனும் விலகினார். அடுத்த மாதம் குழு உறுப்பினர்களின் பதவிக் காலத்துக்கு வரம்பு விதிக்கும் தீர்மானம் நிறைவேறியது. சிஸ்டம்டி இயல்பிருப்புடன் ஜெசி 2015 ஏப்ரலில் வெளிவந்தது.

வாக்கெடுப்பு நடைமுறையிலேயே கைவைக்கும் திருத்தம் வருவதற்கு எட்டாண்டுகள் ஆயின. 2022 ஜனவரியில் ஆல்பரியின் முன்மொழிவின் பேரில் தீர்மான நடைமுறை திருத்தி எழுதப்பட்டது. குழுவில் ஒருவர் முந்திக்கொண்டு வாக்கெடுப்பை அழைத்து, மற்றவர்களின் தெரிவுகள் சீட்டில் ஏறாமல் செய்துவிடும் வாய்ப்பு அடைக்கப்பட்டது. முடிவு ஐயத்துக்கு இடமில்லாததாக ஆவது என்ற தொடருடன், உறுப்பினர் எவரும் வாக்கை மாற்றமாட்டார் என்று கொண்டால், என்ற விளக்கமும் சேர்ந்தது.

அதே ஆண்டு இன்னொரு பொதுத் தீர்மானம் வேறொரு பக்கத்தைத் தொட்டது. டெபியன் திட்டத் தலைவர் தேர்தலில் மட்டுமே வாக்கு இரகசியமாக இருந்தது: வாக்காளருக்குத் தனிக் குறியீடு ஒன்று அனுப்பப்படும், முடிவுக்குப் பின் பெயரில்லாமல் வெளியாகும் பட்டியலில் தம் வாக்கு சரியாக எண்ணப்பட்டுள்ளதா என்று அதைக் கொண்டு அவர் தாமே பார்த்துக்கொள்ளலாம். பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடர்பாக 2021இல் நடந்த கடுமையான வாக்கெடுப்பு, அந்தத் திறந்த தன்மைக்கு உறுப்பினர்கள் கொடுக்கக்கூடிய விலையைக் காட்டியது. 2022ஆம் ஆண்டுத் தீர்மானம் பொதுத் தீர்மான வாக்குகளின் பெயர்களை மறைத்தது. வாக்கு மின்னஞ்சல் வழியேதான் அளிக்கப்பட வேண்டும் என்ற சாசனக் கட்டாயத்தையும் நீக்கி, முறையைத் தேர்வதைச் செயலாளரிடம் விட்டது. இரகசியமும் சரிபார்ப்பும் சேர்ந்து வேண்டுமெனில் மின்னஞ்சல் திணறுகிறது. கையொப்பமிட்ட மடலைப் பெறும் இயந்திரத்தை நடத்துபவருக்கு, வாக்கும் பெயரும் ஒருசேரத் தெரிந்துவிடுகின்றன.

தொழில்நுட்பக் குழுவுக்கு அந்த இரகசியத்தை நீட்டிக்காதது சரியென்றே தோன்றுகிறது. ஆயிரம் பேர் வாக்களிக்கும் இடத்தில் தனிமனிதரைக் காக்க வேண்டும். எட்டுப் பேர் பிறர் சார்பில் முடிவெடுக்கும் இடத்தில், யார் எந்த நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டு எதற்கு வாக்களித்தார் என்பது பிறருக்குத் தெரிய வேண்டிய செய்தி. குழுவின் உச்ச எண்ணிக்கை இன்றும் எட்டுதான். தலைவரின் முடிவு வாக்கும் அப்படியே இருக்கிறது. நான்குக்கு நான்கு என்ற நிலை மீண்டும் வரலாம்; வந்தால் தலைவர் எழுதப்போகும் மடலின் பொருளை மறுப்பவர்கள் இருப்பார்கள், ஆனால் சீட்டில் தம் தெரிவு இடம்பெறவில்லை என்ற காரணத்தைச் சொல்வது அவர்களுக்குக் கடினமாக இருக்கும்.